கைக்குக் கிடைத்ததை வைத்து: சைக்கிள் ரிப்பேரும் ‘பிரிகோலாஜ்’ என்னும் கருத்தும்

க்ளாத் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளியிட்ட ‘காட்டுச் சிந்தனை’ நூலின் முதல் அத்தியாயத்தில் இரண்டு ஆட்களை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒருவர் எஞ்சினியர். வேலைக்கு ஏற்ற பொருளையும் கருவியையும் முன்கூட்டியே திட்டமிட்டு வரவழைத்துக்கொண்டு தொடங்குபவர். மற்றவர் பிரிகோலர். கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து வேலையை முடிப்பவர். இவரிடம் இருப்பவை எல்லாம் ஏதோ ஒரு பழைய வேலையின் மிச்சங்கள். ‘எதுக்காவது ஆவும், இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்தவை. தொன்மக் கதைகளை உருவாக்கும் மனம் இந்த இரண்டாமவரைப் போலவே, பழைய கதைகளின் உடைந்த துண்டுகளைக் கொண்டு புதியதைக் கட்டுகிறது என்பது லெவி-ஸ்ட்ராஸின் வாதம்.

தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்த பிறகு நம் சூழலில் அமைப்பியல் சார்ந்த சொற்கள் பல புழக்கத்துக்கு வந்தன. பிரிகோலாஜ் என்ற சொல்லும் விமர்சனக் கட்டுரைகளில் தலைகாட்டியது. ஆனால் பெரும்பாலும் அது ‘பல பிரதிகளிலிருந்து எடுத்து ஒட்டுதல்’ என்ற அளவோடு நின்றுவிட்டது. கையால் செய்யும் ஒரு வேலையைக் குறித்த சொல் எழுத்து வேலையைக் குறிக்கும் உருவகமாக மட்டும் சுருங்கியதில் ஓர் இழப்பு இருக்கிறது. கை என்ன செய்கிறது, எதை அறிந்து செய்கிறது என்ற கேள்வியே காணாமல் போயிற்று. அந்தக் கேள்வியைத் திரும்ப எழுப்புவதற்குச் சைக்கிள் கடை பொருத்தமான இடம்.

டயர் கிழிந்த சைக்கிளை எடுத்துக்கொள்வோம். புது டயர் வாங்கக் காசில்லை, அல்லது கடையில் சரக்கில்லை. கிழிசல் வழியே டியூப் பிதுங்கி வெளியே வரும், வந்தால் வெடிக்கும். பழைய டயரிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டை அறுத்து, ஓரங்களைச் சீவி, கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்து டியூபைப் பொருத்திக் காற்றடிப்பார்கள். இதற்குக் கேட்டீஸ் வைப்பது என்று பெயர். பசை கிடையாது, தையல் கிடையாது. எந்தக் காற்றழுத்தம் டியூபைக் கிழிசல் வழியே வெளியே தள்ளுமோ, அதே அழுத்தம்தான் இந்தத் துண்டை டயரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கிழிந்த இடத்தின் பாரம் துண்டின் வழியாகச் சுற்றிலும் உள்ள நல்ல பகுதிக்குப் போகிறது. ஓரத்தைச் சீவாமல் விட்டால் அதன் விளிம்பே டியூபை அறுத்துவிடும். இவ்வளவும் தெரிந்துதான் அந்தக் கை வேலை செய்கிறது.

இன்னொன்று, கோட்டம் எடுப்பது. நம் ஊர்ப் பழைய மாடல் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள். கம்பிகள் தூண்போலச் சக்கரத்தைத் தாங்கி நிற்கின்றன என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அவை எல்லாம் இழுவையில் இருக்கின்றன. ஒன்று ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து இழுத்தால் அடுத்தது வலப்பக்கத்திலிருந்து இழுக்கிறது. இந்த எதிரெதிர் இழுப்புகளின் சமநிலைதான் ரிம் நேராக ஓடுவது. இடப்பக்கக் கம்பி ஒன்று அறுந்தால் அந்த இடத்தில் ரிம் வலப்பக்கம் சாயும், பிரேக் கட்டையில் உரசும். மாற்றுக் கம்பி கையில் இல்லையா? அறுந்ததற்கு இரு பக்கமும் அடுத்தடுத்து உள்ள வலப்பக்கக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ‘அறுந்ததை விட்றா, பக்கத்துல ரெண்டையும் லூஸ் வுடு’ என்று கடைக்காரர் பையனிடம் சொல்வது இதைத்தான்.

அமைப்பியலை அறிமுகப்படுத்தும் கட்டுரைகள் சசூரைக் கொண்டு விளக்கும் கருத்தே இது. ஓர் உறுப்பின் மதிப்பு அதனுள்ளே இல்லை, மற்ற உறுப்புகளோடு அது கொண்டிருக்கும் உறவில் இருக்கிறது. காணாமல்போன ஒன்றை, அதன் இடத்தில் எதையும் வைக்காமலே, மிச்சமுள்ளவற்றின் உறவைத் திருத்துவதன் மூலம் ஈடுகட்ட முடிகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அன்றாடம் செய்யும் இந்த வேலையை நாம் அறிவு என்று அழைப்பதில்லை. ‘கைப்பழக்கம்’ என்கிறோம். கை வேறு, மூளை வேறு என்று பிரித்து, கையைக் கீழே வைத்த சாதியச் சமூகத்தின் பார்வை இந்தச் சொல்லுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

ரிப்பேர் முடிந்ததும் கடையில் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: ‘இப்போதைக்கு ஓடும்ணே.’ இது உத்தரவாதம் அல்ல, ஏமாற்றும் அல்ல. வேலையின் ஆயுளைப் பற்றிய நேர்மையான அறிவிப்பு. பாரம் ஏற்றாதே, பள்ளத்தில் இறங்கி ஓட்டு, காசு வந்ததும் மாற்றிவிடு என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். எஞ்சினியரின் காலம் திட்டத்தின் காலம் என்றால் பிரிகோலரின் காலம் இந்த ‘இப்போதைக்கு’.

லெவி-ஸ்ட்ராஸின் எதிர்நிலையை 1966இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ழாக் தெரிதா கேள்விக்குள்ளாக்கினார். தன் மொழியையும் கருத்துகளையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தானே படைத்துக்கொள்ளும் எஞ்சினியர் என்று யாரும் இருக்க முடியாது. எல்லோரும் மரபிலிருந்து கடன் வாங்கித்தான் வேலை செய்கிறோம். ஆகவே எஞ்சினியர் என்பதே பிரிகோலர் உண்டாக்கிய புனைவு என்றார். இது சரியே. ஆனால் எல்லோருமே பிரிகோலர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் ஒரு வேறுபாடு மறைந்துபோகிறது. விரும்பிக் கடன் வாங்குபவரும் வேறு வழியில்லாமல் ஒட்டுப் போடுபவரும் ஒன்றல்ல. அத்துடன், பிரிகோலர் தனியாள்தானா என்ற கேள்வியும் பாக்கி நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு 1913ஆம் ஆண்டின் டூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒரு சான்று இருக்கிறது. வெற்றி வாய்ப்புள்ள வீரர்களில் ஒருவரான யூஜீன் கிறிஸ்தோஃப், பிரெனீஸ் மலையில் தூர்மலே கணவாயைக் கடந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து சேன்ட்-மரி-த-காம்பான் என்ற ஊரை அடைந்து ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனார். போட்டி விதிப்படி வீரர் தன் வண்டியைத் தானே பழுதுபார்க்க வேண்டும், பிறர் உதவி கூடாது. கிறிஸ்தோஃப் பூட்டு வேலை கற்றவர். அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். இரண்டு கையும் இரும்பிலும் சுத்தியலிலும் இருந்ததால் துருத்தியை ஊத ஒரு சிறுவனைக் கேட்டுக்கொண்டார். அதற்காக அவருக்குப் பத்து நிமிடம் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மூன்றாகக் குறைக்கப்பட்டது.

இந்தக் கதை ஒருவரின் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக நூறாண்டுகளாகச் சொல்லப்படுகிறது. வேறு விதமாகவும் படிக்கலாம். உலை கொல்லனுடையது. அடைகல்லும் கரியும் இரும்பும் அவனுடையவை. பூட்டு வேலையை யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இவை எதையும் அதிகாரிகள் உதவி என்று கணக்கில் எடுக்கவில்லை. கண் முன்னால் அசைந்த ஒரு சிறுவனின் கையை மட்டும் எடுத்தார்கள். ‘தானே செய்தான்’ என்ற கூற்று நிற்க வேண்டுமென்றால் மற்ற எல்லாருடைய உழைப்பும் வெறும் ‘கைக்குக் கிடைத்த பொருள்’ ஆகிவிட வேண்டியிருக்கிறது. கைக்குக் கிடைப்பது எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. இந்தக் கருத்தில் லெவி-ஸ்ட்ராஸ் விட்டுச்சென்ற இடைவெளி இதுதான் என்று தோன்றுகிறது.

நம் சைக்கிள் கடைகளில் அந்தச் சிறுவனை நமக்குத் தெரியும். ‘பையன்’ என்பதுதான் அவன் பெயர். காற்றடிப்பவன், தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வரும் இடத்தில் விரல் வைப்பவன், டீ வாங்கி வருபவன். பிரான்சில் அவன் கை குற்றமாகவாவது பதிவாயிற்று. இங்கே அப்படியும் பதிவாவதில்லை. ஸ்பேனர் பிடித்த பெண்ணைக் காண்பதோ இன்னும் அரிது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றது நாம் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்வு. ஓட்டும் உரிமைக்கு அடுத்த கட்டம் பழுதுபார்க்கும் அறிவு. அந்தக் கட்டத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

கூட்டாகச் செய்யும்போது இந்த வேலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு சான்றுகள். 1954இல் தியென் பியென் பூ போரின்போது வியத்நாமியர்கள் மலைப்பாதைகளில் அரிசியையும் வெடிபொருளையும் சைக்கிளில் கொண்டுசென்றார்கள். சுமார் 20,000 சைக்கிள்கள் என்பது கணக்கு. ஓட்டிச் செல்லவில்லை, தள்ளிச் சென்றார்கள். ஹேண்டில்பாரில் ஒரு மூங்கில் கழியைக் கட்டி நீட்டினால் பக்கத்தில் நடந்துகொண்டே திருப்பலாம். சீட்டுக் குழாயில் இன்னொரு கழியைச் செருகினால் பின்னிருந்து தள்ளலாம், சாயாமல் பிடிக்கலாம். டியூபுக்கு மேல் கந்தல் துணியைச் சுற்றினார்கள். இப்படி ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல், சில வண்டிகளில் 300 கிலோவுக்கும் மேல் ஏற்றினார்கள். அந்தச் சைக்கிள்களில் பல பிரெஞ்சுக் கம்பெனிகளின் தயாரிப்பு. பிரெஞ்சுப் படைத்தலைமை போட்ட கணக்கில் இந்த வண்டிகள் இல்லை.

மற்றது யாழ்ப்பாணம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பேட்டரிக்கும் தடை. சைக்கிளே முதன்மையான வாகனமாயிற்று. அதன் டைனமோவே வானொலிக்கு மின்சாரமும் ஆயிற்று. டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ட், 3 வாட். அதுவும் மாறுதிசை மின்சாரம். வானொலிக்கு வேண்டியதோ நேர்திசை. இடையில் டயோடு வைத்தாக வேண்டும். சக்கரத்தின் வேகம் குறைந்தால் குரல் தேயும். எனவே ஒருவர் சீராகச் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பிபிசி தமிழோசை செய்தி கேட்டார்கள். சுற்றுபவர் இல்லாமல் கேட்பவர் இல்லை. துருத்தி ஊதிய கை இங்கே மறைவதற்கு வழியே இல்லை.

இதே திறமை இன்று வேறொரு சந்தையில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 2012இல் வெளியான ‘ஜுகாட் இன்னவேஷன்’ போன்ற நிர்வாகவியல் நூல்கள், இல்லாமைக்குள்ளிருந்து ஏழைகள் கண்டுபிடிக்கும் ஒட்டுவேலைகளைக் கம்பெனிகள் கற்க வேண்டிய பாடமாக முன்வைக்கின்றன. பாராட்டு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தச் சொல்லாடலில் இல்லாமை ஒரு வளமாக மாறிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பேட்டரி இல்லாமல் போனது இயற்கைப் பேரிடர் அல்ல, ஓர் அரசு எடுத்த முடிவு. டைனமோ வானொலியைப் புகழ்ந்துவிட்டுத் தடையைப் பற்றிப் பேசாமல் இருப்பது, தடை விதித்தவரையும் சேர்த்துப் புகழ்வதாகும். ஒட்டுப் போட்ட டயரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் சாமர்த்தியத்தை வியப்பவர், புது டயர் வாங்க முடியாத கூலியைப் பற்றியும் வாய் திறக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய மாடல் சைக்கிளை ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல், கொஞ்சம் கிரீஸ் கொண்டு அக்கக்காகக் கழற்றி மாட்டிவிடலாம். பால்ரஸ் தேய்ந்தால் குண்டை மட்டும் மாற்றலாம். இப்போது வரும் பல மாடல்களில் பெடல் அச்சின் பேரிங் மூடி முத்திரையிட்ட ஒரே உருளையாக வருகிறது. அதைக் கழற்றவே தனிக் கருவி வேண்டும், கழற்றினாலும் உள்ளே திறக்க முடியாது. உழைக்கும் வரை நன்றாக உழைக்கும். போனால் தூக்கி எறிய வேண்டியதுதான். கைக்குக் கிடைத்ததை வைத்துச் சரிசெய்வது பொருளை வடிவமைத்தவர் விட்டுவைத்த இடத்தில்தான் நடக்கிறது. அந்த இடம் சுருங்கச் சுருங்க, சரிசெய்யத் தெரிந்தவர் வெறும் பொருள் மாற்றுபவர் ஆகிறார்.

ஆகவே ஓர் ஒட்டுவேலையைப் பார்த்ததும் வியப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தப் பொருள் இல்லாமல் இது செய்யப்பட்டது, அது இல்லாமல் போனதற்கு யார் பொறுப்பு? இதில் யார் யாருடைய கை இருந்தது, யாருடைய பெயர் சொல்லப்படுகிறது? இதைக் கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க வழி இருக்கிறதா? எழுதுகிறவர்கள் செய்யக்கூடிய வேலை மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறது. கோட்டம் எடுப்பதையும் கேட்டீஸ் வைப்பதையும் தெரிந்தவர் வாயிலிருந்து, அவர்களுடைய சொற்களிலேயே, பையனின் பெயரையும் விடாமல் எழுதிவைக்கலாம்.