இழத்தல் வேறு, துறத்தல் வேறு

திருவள்ளுவர் தமது நூலில் ‘துறவு’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதே நூலில் ‘பொருள் செயல்வகை’ என்று இன்னோர் அதிகாரத்தையும் வகுத்தார். பொருள் வேண்டும் என்பதும், பொருளுக்கு மனிதன் அடிமையாகிவிடக் கூடாது என்பதும் தமிழர் சிந்தனையில் ஒன்றையொன்று மறுக்காமல் நெடுங்காலமாக நின்று வந்துள்ளன. எனினும், சமயங்கள் போதிக்கின்ற பற்றின்மையை எமது மண்ணில் எடுத்துரைக்க முற்படுபவர் ஒரு சங்கடத்தை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. வீட்டையும் வளவையும் தோட்டத்தையும் தொழிலையும் போரில் பறிகொடுத்த மக்களிடம் சென்று, உடைமைகளில் நிறைவு இல்லை என்று கூறுவது ஆறுதலா, அவமதிப்பா என்பதே அச்சங்கடமாகும். கத்தோலிக்க மரபு இதற்கு என்ன விடை தருகின்றது என்பதை எமது அயலிலேயே உள்ள சான்றுகளைக் கொண்டு நோக்குவது பயனுடையது.

வலிகாமத்தின் நடுவே, காங்கேசன்துறை வீதியில் அமைந்துள்ள சுன்னாகம் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். செம்மண் தோட்டங்களின் வெங்காயமும் கிழங்கும் வாழைக்குலையும் விலையாகின்ற இடம், அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) போன்ற தமிழறிஞர்கள் வாழ்ந்த, சைவம் தழைத்த இடம். கத்தோலிக்கத் துறவை விளக்குவதற்கு இவ்வூரிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால், சுன்னாகத்துக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் சில்லாலையும், வடகிழக்கே சில கிலோமீற்றர் தொலைவில் வசாவிளானை அண்டிய தோலகட்டியும் உள்ளன. இலங்கைக் கத்தோலிக்க வரலாற்றின் இரண்டு முக்கிய அத்தியாயங்கள் இவ்விரு ஊர்களோடும் தொடர்புபட்டவை.

முதலாவது, புனித யோசப் வாஸ் அடிகளாரின் வரலாறு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டினின்றும் அகற்றினர். பல ஆண்டுகளாகக் குருவின்றி இருந்த மக்களைத் தேடி, கோவாவிலிருந்து புறப்பட்ட யோசப் வாஸ் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாக இரந்து, அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கொண்டு கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்று மரபு கூறும். அவருக்கு அடைக்கலம் அளித்த ஊர் சில்லாலை. பின்னர் கண்டிக்குச் சென்று, ஒற்றர் என்ற ஐயத்தில் சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளரைப் பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். 1711இல் கண்டியிலேயே காலமான அவரை, 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். பிச்சைக்காரர் வேடம் அவருக்குத் தொடக்கத்தில் ஒரு மறைவாக இருந்தது. அவர் வாழ்ந்த வாழ்வு அந்த வேடத்தையே உண்மையாக்கிவிட்டது.

இரண்டாவது அத்தியாயம் இருபதாம் நூற்றாண்டைச் சார்ந்தது. 1926இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், கத்தோலிக்கம் புதிதாகப் பரவிய நாடுகளிலும் தியான வாழ்வுத் துறவு மடங்கள் தோன்ற வேண்டும் என்று ஒரு சுற்றுமடலில் வலியுறுத்தினார். அவ்வழைப்பை ஏற்று, யாழ்ப்பாணத்தவரும் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவருமான அருட்தந்தை தோமஸ் அடிகளார் (1886–1964), அன்றைய யாழ். ஆயர் கியோமார் ஆண்டகையின் ஆதரவுடன் 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடக்கினார். ஐரோப்பிய மடம் ஒன்றின் கிளையாக அமையாமல், இம்மண்ணிலேயே முளைத்த துறவுச் சபை அது. மௌனம், மரக்கறி உணவு, கடும் உடலுழைப்பு, இரவு பகலாக முறை வைத்து ஓதப்படும் செபமாலை என்பவை அச்சபையின் வாழ்க்கை ஒழுங்காயின. சாதிப் பிரிவினை இறுகியிருந்த அக்காலத்து யாழ்ப்பாணத்தில், வெவ்வேறு சமூகத்தவர் ஒரே கூரையின் கீழ் ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்தமை சிறிய செயலன்று. செல்வத்தைத் துறப்பதைக் காட்டிலும் சாதிப் பெருமையைத் துறப்பதே எம்மவர்க்குக் கடினமானது என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

தோலகட்டி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது அங்கு தயாரிக்கப்பட்ட நெல்லிரசமும் திராட்சைப் பழரசமுமாகும். துறவிகள் உற்பத்தியில் ஈடுபடலாமா என்று வினவுவோர் உளர். பிறர் உழைப்பில் தங்கியிராமல் தம் கைகளால் உழைத்து உண்பதே கத்தோலிக்கத் துறவு மரபின் பழைய நெறி. பொருளைப் படைப்பதை அது தடுப்பதில்லை. படைத்த பொருளை ஒருவர் தமக்கெனப் பற்றிக்கொள்வதையே தடுக்கின்றது.

இவ்விடத்தில் கத்தோலிக்கப் போதனையைச் சற்று விளக்குதல் தகும். துறவு வாழ்வை மேற்கொள்வோர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளை அளிக்கின்றனர். ஏழ்மை வார்த்தைப்பாடு என்பது பட்டினி கிடப்பதாக அளிக்கும் உறுதிமொழி அன்று. தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் பொதுவில் வைத்துப் பயன்படுத்துவதே அதன் உட்பொருள். ஆதித் திருச்சபையினர் தம் உடைமைகளைப் பொதுவாக வைத்து, தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டனர் என்று அப்போஸ்தலர் பணிகள் நூல் கூறுவது இதற்கு அடிப்படையாகும். எல்லோரும் துறவியராக வேண்டும் என்று திருச்சபை கூறவில்லை. தனியார் சொத்துரிமை நியாயமானது என்று 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் சுற்றுமடல் எடுத்துரைத்தது. உலகின் பொருட்கள் யாவும் மனிதர் அனைவருக்கும் பயன்படவே இறைவனால் அளிக்கப்பட்டன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வலியுறுத்தியது. இல்லறத்தார் உடைமையை வைத்திருக்கலாம். ஆனால் அதன் மீது ஏழைக்கும் பங்கு உண்டு என்பதே இவ்விரண்டின் திரண்ட கருத்தாகும்.

அவ்வாறாயின் ‘நிறைவு’ எங்கிருந்து வருகின்றது? மனித உள்ளம் இறைவனுக்காகப் படைக்கப்பட்டது, ஆதலால் வேறெதைக் கொண்டு நிரப்பினும் அது அமைதி கொள்வதில்லை என்பதே புனித அகுஸ்தீனார் (354–430) முதலாகக் கத்தோலிக்க ஞானியர் கண்ட முடிபு. உடைமைகளை விலக்குவது இறைவனுக்கும் அயலானுக்கும் இடம் ஒதுக்கும் முயற்சியே. வெறுமையான வீடு மட்டும் எவரையும் ஞானியாக்குவதில்லை. யோசப் வாஸ் அடிகளாரின் வறுமை பெரியம்மை நோயாளரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. தோலகட்டித் துறவியரின் வறுமை இடையறாத வேண்டுதலாயிற்று. இறைவனிடமோ மனிதரிடமோ கொண்டு சேர்க்காத வறுமையைக் கத்தோலிக்கம் புண்ணியமாகக் கொள்வதில்லை.

இக்கருத்து ஏனைய சமயத்தவருக்குப் புதியதன்று. உண்மையான செல்வம் பொருட்குவியலில் இல்லை, உள்ளத்தின் போதுமென்ற தன்மையிலேயே உள்ளது என்பது முஹம்மத் நபி (ஸல்) அவர்களின் போதனை. உலகைக் கையில் வைத்திருந்தாலும் இதயத்தில் வைக்காதிருப்பதை இஸ்லாமிய ஞானியர் ‘ஸுஹ்து’ என்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் பக்தாத் நகரில் தாம் வகித்த பெரும் பேராசிரியப் பதவியைத் துறந்து, எளியவராய்ப் பயணம் புறப்பட்டார். செல்வந்த வணிகரின் மைந்தராய்ப் பிறந்து யாவற்றையும் துறந்த புனித பிரான்சிஸ் அசிசியார், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த 1219இல், எகிப்தின் சுல்தான் மலிக் அல்-காமிலை ஆயுதமின்றிச் சென்று சந்தித்தார்; சுல்தானும் அவரைத் தீங்கின்றித் திருப்பி அனுப்பினார். யாழ்ப்பாணத்திலோ, கொழும்புத்துறையில் ஒரு குடிலில் வாழ்ந்த யோகர் சுவாமிகளும் தோலகட்டி தோமஸ் அடிகளாரும் 1964ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். செபமாலை, தஸ்பீஹ் மணி, உருத்திராக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறு நம்பிக்கைகளுக்கு உரியவை. எனினும், அவற்றை உருட்டிய கைகள் வேறு எதையும் இறுகப் பற்றியிருக்கவில்லை என்பதில் ஓர் ஒற்றுமை உண்டு.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய சங்கடத்துக்கு வருவோம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து, பலாலிப் படைத்தளத்தை அண்டிய வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தோலகட்டியும் அதனுள் அகப்பட்டது. தமக்கென எதுவுமில்லாத துறவியரும் தங்கள் மடத்தை இழந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில், வட மாகாண முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குச் சில மணி நேர அவகாசமே வழங்கப்பட்டது. தலைமுறைகளாகத் தேடிய பணமும் நகையும் பறிக்கப்பட, வெறுங்கையுடன் அவர்கள் புத்தளம் நோக்கிச் சென்றனர். ஒரே ஆண்டில், ஒரே குடாநாட்டில், தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு கரங்களால் உடைமையற்றோர் ஆக்கப்பட்டனர்.

இதனைத் துறவு என்று எவரேனும் கூறுவரா? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதற்குத் தெளிவான ஓர் அளவுகோலைத் தருகின்றது. வற்புறுத்தலாலோ, பேரச்சத்தாலோ, வஞ்சனையாலோ பெறப்பட்ட துறவு வார்த்தைப்பாடு செல்லுபடியாகாது என்கின்றது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. ஒருவர் மனமுவந்து அளிக்காத ஏழ்மையை இறைவன் பெயராலும் ஏற்க முடியாது என்பது அதன் பொருள். ஆகவே, காணியை இழந்தவன் அதன் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது பேராசையன்று. அது நீதி கேட்டல். விரும்பித் துறந்தவரின் ஏழ்மையைச் சான்று காட்டி, பறிகொடுத்தவனை அமைதி காக்கச் சொல்வது சமயப் போதனையைத் திரித்தலாகும். உண்மையாகத் துறந்தவரே பறிகொடுத்தவனுக்காகப் பேசுவதற்கு முதல் உரிமையுடையவர். அவருக்கு இழப்பதற்கென ஏதுமில்லை.

இவ்வளவுகோல் திருச்சபைக்கும் பொருந்தும். துறவி ஏழையாக இருக்க, அவர் சார்ந்த நிறுவனம் செல்வத்தில் திளைக்குமாயின் வார்த்தைப்பாடு வெறும் சடங்காகிவிடும். இதனை உணர்ந்தே, துறவுச் சபைகள் ஆடம்பரத்தையும் அளவற்ற ஆதாயத்தையும் பொருட்குவிப்பையும் தவிர்த்து, கூட்டாகவும் ஏழ்மைக்குச் சான்று பகர வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. கத்தோலிக்கரோ, சைவரோ, இஸ்லாமியரோ, தமது வழிபாட்டிடத்தின் கோபுரத்தை உயர்த்தும்போது அதன் நிழலில் வாழும் ஏழையின் கூரையையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

போருக்குப் பின்னர் குடாநாட்டில் பணப்புழக்கம் ஒருபுறம் பெருகியது. வெளிநாட்டுப் பணத்தில் மாடிவீடுகள் எழுந்தன. திருமணங்களும் பூப்புனித நீராட்டு விழாக்களும் அயலவரோடு போட்டியிடும் காட்சிகளாயின. சீதனம் குறைந்தபாடில்லை. மறுபுறம், நுண்கடன் சுமையில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல அல்லற்பட்டன. அயலவனின் கண்ணுக்காகக் கடன்பட்டு வாங்கும் நகை, அணிபவருக்கு நிறைவைத் தருவதில்லை. அடகுச் சீட்டையே தருகின்றது. துறவியர் போல யாவற்றையும் கைவிடும்படி எவரும் எம்மைக் கேட்கவில்லை. போதும் என்று நிறுத்துமிடத்தை நாமே தீர்மானித்துக்கொள்வதும், அதற்கு மேற்பட்டதில் இல்லாதவரின் பங்கை ஒப்புக்கொள்வதும் இல்லறத்தாருக்கு இயலக்கூடிய துறவாகும். இஸ்லாமியருக்கு ஸகாத் கடமையாக்கப்பட்டிருப்பதும் இந்நோக்கிலேயே.

சுன்னாகச் சந்தையில் பொருட்கள் விலையாகட்டும். அது ஊரின் உயிர்ப்பு. அதற்கு மேற்கிலும் வடகிழக்கிலும் வாழ்ந்த துறவியர் சந்தையை மூடச் சொன்னவர்கள் அல்லர். விலைபோகாதனவும் மனித வாழ்வில் உண்டு என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர்கள். அவர்களை மதிப்பதாகக் கூறும் சமூகம் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். பறிக்கப்பட்டவற்றை, தமிழருடையதாயினும் முஸ்லிம்களுடையதாயினும், உரியவரிடம் சேர்ப்பிக்கக் குரல் கொடுக்க வேண்டும். தன்னிடம் மிகையாக உள்ளதை மனமுவந்து பகிர வேண்டும். முன்னையதைத் தவிர்த்துப் பின்னையதை மட்டும் போதிப்பது நீதியாகாது. பின்னையதை மறந்து முன்னையதை மட்டும் கோருவது நிறைவைத் தராது.