உங்களுக்குத் தெரியுமா? இரண்டே விரலில் கிடார்!

தந்தியை அழுத்த இடக்கையில் நான்கு விரல். கிடார் பழகும் பெரும்பாலோருக்கு இதுதான் கணக்கு. ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு இரண்டு! அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே கிறங்கடித்த மனிதர் இவர்!

பிறந்தது 1910 ஜனவரி 23, பெல்ஜியத்தில். ரோமா நாடோடிக் குடும்பம். பிரசவம் நடந்தது எங்கே தெரியுமா? கூண்டு வண்டிக்குள்!

12 வயதில் கைக்கு வந்தது ஒரு பான்ஜோ கிடார். யாரோ கொடுத்த பரிசு. வாசிப்பவர்களின் விரலைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார். 15 வயதுக்குள் அதுவே அவருக்குச் சோறு போட்டது!

1928-ல் முதல் இசைத்தட்டு. அதில் அச்சான பெயர் ‘ஜியாங்கோ ரெனார்’! தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல அவருக்கே தெரியாது!

அதே வருடம் லண்டனின் பெரிய இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் பாரிஸுக்கே வந்து, வாசிப்பைக் கேட்டு, வேலை தருகிறேன் என்றார். அப்போது ஜாங்கோவுக்கு வயது 18!

ஆனால் லண்டன் போக முடியவில்லை. ஏன்? ஒரு மெழுகுவர்த்தி!

வண்டி நிறைய காகிதப்பூ மாதிரிப் பூக்கள். மனைவி விற்பதற்காகச் செய்து வைத்தவை. காகிதம் என்றாலாவது தப்பித்திருக்கலாம். அது செல்லுலாய்டு! அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் செய்த அதே பொருள். தீப்பொறி பட்டால் போதும், குப்பென்று பிடிக்கும். ராத்திரி கச்சேரி முடிந்து திரும்பியிருந்தார். பட்டது பொறி. இருவரும் உயிரோடு வெளியே வந்ததே பெரிய விஷயம்!

வலது காலை எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். முடியவே முடியாது என்றார் ஜாங்கோ. பிறகு அதே காலால் நடந்தார்!

இடக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப்போய் நின்றுவிட்டன. கிடார் அவ்வளவுதான் என்று யாரும் நினைப்பார்கள். தம்பி ஜோசப் என்ன செய்தார்? புது கிடார் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்!

ஒன்றரை வருடச் சிகிச்சை. அதற்குள் வாசிப்பையே புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்! மற்றவர்கள் விரலைத் தந்திக்குத் தந்தி குறுக்கே நகர்த்துவார்கள். இவர் ஆட்காட்டி விரலையும் நடு விரலையும் கிடாரின் கழுத்து நெடுக மேலும் கீழும் ஓடவிட்டார். மடங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை. ஓரத்துத் தந்திகளை அழுத்த அவற்றுக்கும் வேலை கொடுத்தார்! இன்று பத்து விரலும் நன்றாக இருக்கிறவர்கள் அந்த வேகத்தைப் பிடிக்க வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்!

1934-ல் பாரிஸில் புதுக் குழு. வயலினுக்கு ஸ்டெஃபான் கிராப்பெல்லி. டிரம்ஸ் கிடையாது! டிரம்பெட் கிடையாது! மூன்று கிடார், ஒரு வயலின், ஒரு டபுள் பேஸ். தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்தே ஜாஸ்!

பிறகு போர். ரோமா மக்களை நாஜிகள் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலம். ஜாஸ் என்றாலே அவர்களுக்கு வேப்பங்காய். ஜாங்கோ ரோமா, வாசித்தது ஜாஸ். ஆனாலும் நாஜிகள் பிடித்துவைத்திருந்த பாரிஸிலேயே மேடையேறினார்! 1940-ல் வந்த ‘நுவாஜ்’ அந்த நகரத்தின் ஏக்கத்துக்கே குரலானது. சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்து எல்லையில் மாட்டிக்கொண்டார். விட்டு அனுப்பியது யார்? ஜாஸ் ரசிகரான ஒரு ஜெர்மன் அதிகாரி!

1946-ல் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம். போனது வெறுங்கையோடு. கிடார்கூட எடுத்துப்போகவில்லை!

1953-ல் மறைந்தார். வயது 43தான்!

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்!

1965. இங்கிலாந்தின் பர்மிங்காம். தகரத் தொழிற்சாலையில் டோனி அயோமி என்ற இளம் கிடார்காரருக்கு அன்று கடைசி நாள் வேலை. வயது 17. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் இனிமேல் போகவேண்டாம் என்று நினைத்தார். முழு நாளையும் முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் இயந்திரம் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது! அவர் இடக்கைக்காரர். தந்தியை அழுத்துவது வலக்கை. போனதும் அதே வலக்கை!

உடைந்துபோயிருந்த பையனுக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தது ஜாங்கோ!

பையன் என்ன செய்தான்? பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கினான். உருண்டையாக்கித் துளை போட்டான். விரலில் மாட்டும் அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினான். வழுக்காமல் இருக்க மேலே தோல் ஒட்டினான். மெல்லிசான பான்ஜோ தந்திகளைக் கிடாரில் மாட்டினான். அந்த விரலிலிருந்து பிறந்ததுதான் அவருடைய இசைக்குழுவான பிளாக் சாபத்தின் ஹெவி மெட்டல்!

2012-ல் அயோமிக்குப் புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவிலேயே ரிக்கார்டிங். 2013-ல் பிளாக் சாபத்தின் ஆல்பம் வெளிவந்தது. பிரிட்டனில் நம்பர் 1! அமெரிக்காவிலும் நம்பர் 1! அதற்கு முன் பிரிட்டனில் அவர்கள் முதலிடம் பிடித்த வருடம்? 1970!