பழைய விண்டோஸ்: வைக்கலாமா, விடலாமா?

விண்டோஸ் 10-க்கு நிறுவனம் தந்துவந்த காவல் முடிந்துவிட்டது. கடைக்காரர் புது மெஷின் வாங்கச் சொல்கிறார். பர்ஸைத் திறக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள் சில இருக்கின்றன.

2025-ல் ஆயுத பூஜை அக்டோபர் 1-ம் தேதி வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பை மாதுங்காவிலும் தமிழர்களின் அலுவலகங்களில் வழக்கம்போல் மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சி.பி.யு.வின் தலையில் ஒரு முழம் பூ. அக்டோபர் 20-ல் தீபாவளி. குஜராத்தி வியாபாரிகள் புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போடும் நாள். இப்போதெல்லாம் பல கடைகளில் புத்தகத்துக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் உட்கார்ந்து அந்தப் பூஜையை ஏற்றுக்கொள்கிறது. இந்த இரண்டு பூஜைகளுக்கும் நடுவே, அக்டோபர் 14 அன்று, அந்தக் கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்குக் காவல் போய்விட்டது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10 ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனி வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் கதவைச் சாத்தியது அன்றுதான்.

மறுநாள் காலை எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை. பில் போட்டது, பிரிண்ட் எடுத்தது, பாட்டும் பாடியது. முடிவெடுப்பது கடினமாக இருப்பதற்கு அதுவே காரணம். நின்றுபோன பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிவிடுவார்கள். பிரேக் தேய்ந்த பஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது யார் இறங்குவார்கள்?

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு எங்கே போய்க் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான். ஒன்று, "புதுசு வாங்கிடுங்க." இல்லையென்றால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க." முதல் பதிலில் வியாபாரம் இருக்கிறது. இரண்டாவதில் அசட்டு தைரியம் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இந்தக் கம்ப்யூட்டருக்கு எந்தத் தேதிவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்? அது நின்றுபோனால் நான் இழக்கப்போவது என்ன?

எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் ஓட்டை இல்லாமல் பிறப்பதில்லை. ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட, மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அவற்றை அடைக்கும் திருத்தங்களை வெளியிடுகிறது. பழைய சிஸ்டத்துக்கு ஆபத்து வருவதும் இங்கேதான். விண்டோஸ் 11-ல் அடைக்கப்படும் ஓட்டைகளில் பல 10-லும் இருக்கும். அடைப்பு எங்கே விழுந்தது என்று பார்த்தே, அடைக்கப்படாத வீட்டின் சுவர் எங்கே பலவீனம் என்று திருடன் தெரிந்துகொள்ளலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதை 2017 மே 12 காட்டியது. 'வான்னக்ரை' என்ற வைரஸ் சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. இங்கே ஆந்திரத்தில் சில போலீஸ் கம்ப்யூட்டர்களும் கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும் மாட்டிக்கொண்டன. அடுத்த ஆண்டு ஜூனில் ரிசர்வ் வங்கி, ஆதரவு முடிந்துபோன ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஏ.டி.எம்.களையெல்லாம் படிப்படியாக 2019 ஜூனுக்குள் மாற்றும்படி வங்கிகளுக்குக் கெடு விதித்தது. 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்.பி. அப்போதும் பல ஏ.டி.எம்.களுக்குள் பணம் எண்ணிக்கொண்டிருந்தது.

ஆனால் வான்னக்ரை கதையில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்கள் அல்ல, விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அன்றைக்கு அந்த சிஸ்டத்துக்கு ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம்கூட இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. பலர் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது அதன் புதுமை இல்லை, ஒழுங்காக வந்துசேரும் திருத்தம் என்பது அதன் பாடம். அப்டேட்டை நிறுத்திவைத்த விண்டோஸ் 11-ஐவிட, திருத்தம் வந்துகொண்டிருக்கும் விண்டோஸ் 10 மேல்.

புதியதற்குத் தாவுவதிலும் ஆபத்து உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பெரிய அப்டேட், சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே எதைச் செய்தாலும் முதல் வேலை, தேவையான ஃபைல்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்துவைப்பது. எடுத்த பிரதி திறக்கிறதா என்று ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் போட்டும் பார்த்துவிடுவது நல்லது.

இனி மாறும் வழி. தகுதியுள்ள விண்டோஸ் 10 கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 இலவசம். சிக்கல் 'தகுதி' என்ற சொல்லில் இருக்கிறது. குறைந்தது 4 ஜி.பி. மெமரி, 64 ஜி.பி. இடம் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2017-18-க்குப் பிறகு வந்த பிராசஸரும் வேண்டும் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல். ஐ5 என்பதை அடுத்து வரும் எண் 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, 7200 என்றிருந்தால் ஏழாவது. மைக்ரோசாஃப்ட்டே தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராம் இதைச் சோதித்துச் சொல்லிவிடும்.

அது 'தகுதி இல்லை' என்றாலும் உடனே நம்பிவிட வேண்டாம். பல கம்ப்யூட்டர்களில் டி.பி.எம். இருக்கும், பயாஸ் செட்டிங்கில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மெஷின்களில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. மெஷின்களில் எஃப்.டி.பி.எம். என்றும் அதற்குப் பெயர். அதைப் போட்டுவிட்டாலே சில கம்ப்யூட்டர்கள் பாஸாகிவிடும். பிராசஸர் பழையது என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. எஸ்.எஸ்.டி. மாற்றினால் வேகம் கூடும், தகுதி வராது. சோதனையை ஏமாற்றிக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தரும் டெக்னீஷியன்களும் உண்டு. அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் தர முடியாது என்கிறது மைக்ரோசாஃப்ட். எதற்காக மாறுகிறோமோ அதுவே நிச்சயமில்லை என்றால் மாறி என்ன பயன்?

தகுதி இருந்தாலும், நம் ஊர் அலுவலகங்களுக்கே உரிய சில கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய ஸ்டாக், சம்பளப் பட்டியல் புரோகிராம்கள். விண்டோஸ் 10-ல் 32 பிட் வகை ஒன்று இருந்ததால் இவை எப்படியோ பிழைத்தன. விண்டோஸ் 11-ல் 32 பிட் வகையே கிடையாது. இரண்டாவது, ஜி.எஸ்.டி.க்கும் கம்பெனிப் பதிவுக்கும் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யு.எஸ்.பி. டோக்கன். அதற்கான டிரைவர் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றதாகக் கிடைக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளன்று பார்க்கக் கூடாது. மூன்றாவது, லாரி புக்கிங் ஆபீஸ்களில் இன்னும் கறகறக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பழைய பிரிண்டரின் அகலமான பேரலல் கேபிளைச் செருக இன்றைய கம்ப்யூட்டர்களில் பொதுவாக இடமே இல்லை. நான்காவது, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்துவைத்த தமிழ்க் கடிதங்கள். அந்த எழுத்துரு ஃபைல்களையும் கூடவே எடுத்துச் செல்லாவிட்டால், புது கம்ப்யூட்டரில் தாத்தா எழுதிய உயிலும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். டேலி வைத்திருப்பவர்கள் வேறு மெஷினுக்குப் போவதானால், பழையதில் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

இவற்றையெல்லாம் சோதிக்க ஒரே வழி, ஐந்து கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது. இருக்கும் கம்ப்யூட்டரிலேயே விண்டோஸ் 11-க்கு உயர்த்தினால், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகப் பொதுவாகப் பத்து நாள் அவகாசம் உண்டு. டிரைவை மறையீடு செய்து பூட்டும் வசதி இயங்குகிறதா என்றும் பார்த்து, இயங்கினால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சாவி தொலைந்தால் திருடனோடு சொந்தக்காரரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மாற முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓர் இடைக்கால வழி வைத்தது. விண்டோஸ் 10-ன் கடைசி வகையான 22எச்2 இருந்தால், வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும் என்று 2025-ல் அறிவித்தது. செட்டிங்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்குச் சமமான உள்ளூர்த் தொகை. நிறுவனங்களுக்கு வேறு கட்டணம். ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டில் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. கட்டணம் ஏறும் விதத்தைப் பார்த்தாலே தெரியும், இது குடியிருக்கும் வீடு அல்ல, காலி செய்யக் கொடுத்த அவகாசம்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகின்றன. 2019-ல் அம்மாநிலத்தின் 'கைட்' அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-லேயே வந்துவிட்டது. 2023-ல் பாதுகாப்பு அமைச்சகம் 'மாயா' என்ற லினக்ஸ் சிஸ்டத்துக்கு மாறத் தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. கடிதம் எழுத, இணையம் பார்க்க, பிள்ளைகள் படிக்க மட்டும் என்றால், விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத கம்ப்யூட்டரை லினக்ஸ் இன்னும் சில வருடம் பாதுகாப்பாக ஓட்டும். லைசென்ஸ் செலவும் இல்லை. ஆனால் டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. கையெழுத்து டோக்கனும் லினக்ஸில் முரண்டு பிடிக்கலாம். கணக்கு எழுதும் மேஜைக்கு விண்டோஸ், மற்ற மேஜைகளுக்கு லினக்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஒதுக்கப்படும் கம்ப்யூட்டர் எங்கே போகிறது என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. விண்டோஸ் 10-ன் முடிவால் உலகில் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பையாகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. நம் நாட்டில் இத்தகைய குப்பை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, நேரு பிளேஸ் இருக்கும் அதே டெல்லியின் சீலம்பூர். அங்கே சின்னச் சின்னக் கூடங்களில் வெறுங்கையால் போர்டுகளைப் பிரிக்கிறார்கள். செம்புக்காக ஒயரை எரிக்கும்போது வரும் புகை அங்குள்ளவர்களின் நுரையீரலுக்குள்தான் போகிறது. மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க 2022-ல் வந்த விதிகள் வழி செய்கின்றன. ஹார்டு டிஸ்க்கை முழுமையாக அழித்துவிட்டு அங்கே கொடுப்பதே முறை. தேவையில்லாமல் ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

ஆக, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. தகுதியுள்ள மெஷின் என்றால், பிரதி எடுத்துக்கொண்டு, டிரைவர்களைச் சோதித்துவிட்டு மாறிவிடலாம். காத்திருப்பதில் லாபம் இல்லை. தகுதியில்லாத மெஷினில் வங்கி வேலையோ, வாடிக்கையாளர்களின் பான், ஆதார் விவரமோ இருந்தால், திருத்தம் நிற்கும் தேதிக்கு முன்பே புது மெஷினுக்குப் பணம் ஒதுக்குவதுதான் நியாயம். அங்கே பணயம் வைக்கப்படுவது அடுத்தவர் சொத்து. வீட்டில் படிக்கவும் எழுதவும் மட்டும் என்றால் லினக்ஸ். பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம் ஒன்றுக்காக மட்டும் இருக்கும் மெஷின் என்றால், இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கண்ட பென் டிரைவையும் செருகாமல், தனியே ஓடவிடலாம்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது, அதற்குப் பாதுகாப்பு எந்தத் தேதிவரை என்று ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். மாற்றலாமா வேண்டாமா என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், அந்தச் சீட்டைப் பார்க்கலாம்.