கனத்த சக்கரமா, இலகுவான சக்கரமா?

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு மாடலாகப் பான்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்னும் காரை வெளியிட்டது. நடுத்தர அளவுள்ள கார் உடலுக்குள் 389 கன அங்குலப் பெரிய எஞ்சினைப் பொருத்தியதே அதன் புதுமை. ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் ஆகியவையும் அதே வழியில் இறங்கின. ‘மஸில் கார்’, அதாவது புஜபலம் மிக்க கார் என்று பெயர்பெற்ற இவ்வினம் 1970இல் உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டு ஷெவல் எஸ்.எஸ். 454 காரில் கிடைத்த எஞ்சின்களுள் ஒன்றின் திறன் 450 குதிரைத்திறன். பின்னர் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், காப்பீட்டுக் கட்டண உயர்வும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அக்காலத்தை முடித்துவைத்தன. எனினும் அக்கார்களைப் புதுப்பித்து ஓட்டி மகிழ்வோர் அந்நாட்டில் இன்றும் ஏராளம்.

அவ்வாறு புதுப்பிப்போர் எஞ்சினுக்குப் பணத்தை வாரி இறைப்பர். எஞ்சினின் ஆற்றலைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டுசேர்க்கும் ஃப்ளைவீலையும் கிளட்சையும் பற்றிக் கடைசியில்தான் நினைப்பர். இந்த அலட்சியத்தால் வரும் இழப்பு பணத்தோடு நின்றுவிடுவதில்லை.

குயவரின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை சுழற்றிவிட்டால், கனம் மிக்க சக்கரம் களிமண்ணின் தடையையும் மீறி நெடுநேரம் சுழலும். எஞ்சினின் பின்புறம் பொருத்தப்படும் ஃப்ளைவீலின் வேலையும் அதுவே. எஞ்சின் விட்டுவிட்டுத் தரும் உந்துதலைச் சீராக்கி, தன் சுழற்சியில் ஆற்றலைச் சேமித்துவைக்கிறது. கிளட்ச் பெடலை விடும்போது அந்தச் சேமிப்பே நின்றிருக்கும் காரை முதலில் நகர்த்துகிறது. எஃகுச் சக்கரம் ஏறத்தாழ 30 பவுண்டு எடை. அலுமினியச் சக்கரம் அதில் பாதி. இலகுவான சக்கரம் பொருத்திய எஞ்சின் விரைந்து வேகம் பிடிக்கும். ஆனால் சேமிப்பு குறைவு. ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் திணறும், கார் குலுங்கும்.

எதைத் தேர்வது? விடை எஞ்சினில் மட்டும் இல்லை. காரின் எடையிலும் பற்சக்கர விகிதத்திலும் இருக்கிறது. முதல் கியர் விகிதத்தைப் பின் அச்சின் விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். முதல் கியர் 2.52, பின் அச்சு 4.11 என்றால் விடை பத்துக்குச் சற்று மேல். அத்தகைய கார் எளிதில் புறப்படும். இலகுவான சக்கரம்கூட ஒத்துப்போகும். முதல் கியர் 2.20, பின் அச்சு 3.08 என்றால் விடை ஏழைக்கூட எட்டாது. கிளட்ச் நெடுநேரம் வழுக்கி, சூடேறித் தேயும். இத்தகைய கனமான காருக்கு அலுமினியச் சக்கரம் வாங்குவது, பந்தயக்காரரைப் பார்த்து ஆசைப்பட்டதன்றி வேறில்லை. சாலையில் ஓட்டுவதற்கு எஃகே பொருத்தம் என்பது எம் கருத்து.

பலர் தடுக்கி விழும் இடம் எடைச் சமன்பாடு. ஷெவர்லேயின் பழைய 327, 350 எஞ்சின்களில் கிராங்க் தண்டு தன்னளவிலேயே சமன் செய்யப்பட்டது. 400, 454 எஞ்சின்களிலோ சமன் எடையின் ஒரு பகுதி ஃப்ளைவீலிலேயே உள்ளது. ஃபோர்டு 302 எஞ்சினில் பழையதற்கு 28 அவுன்ஸ்-அங்குலச் சமன் எடை. 1980களின் தொடக்கத்தில் அது 50 ஆயிற்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மாற்றிப் பொருத்தினால் நடுக்கம் எழுந்து பேரிங்குகளைத் தின்றுவிடும்.

பற்களையும் எண்ண வேண்டும். ஷெவர்லேயில் 153 பற்கள் கொண்ட சிறிய சக்கரமும், 168 பற்கள் கொண்ட 14 அங்குலச் சக்கரமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முன்பாகம் வேறு. பெரியதற்கு அதை மூடும் பெல் ஹவுசிங்கிலும் இடம் வேண்டும். பெரிய சக்கரம் 11 அங்குலக் கிளட்சை ஏற்கும் என்பது அதன் சிறப்பு.

கிளட்சின் பிடிப்பு, பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தையும், தகட்டின் உராய்வையும், அதன் ஆரத்தையும் பொறுத்தது. அழுத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இடது கால் வலிக்கும். பெடல் இணைப்புகள் வளையும். கிராங்க் தண்டின் பக்கவாட்டுப் பேரிங்கும் தேயும். ஆகவே முதலில் விட்டத்தைக் கூட்டுவதே அறிவுடைமை. உலோகத் துண்டுகள் பதித்த பந்தயத் தகடு வெடுக்கென்று பிடிக்கும். வீட்டாரை ஏற்றிச் செல்லும் காருக்கு அது ஆகாது. கரிமப் பொருளால் ஆன தகடு மென்மையாகப் பிடிக்கும்.

இனி, பாதத்தின் பாதுகாப்பு. 1970 மார்ச் மாதம் கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் திடலில் டான் கார்லிட்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரரின் காரில் கியர்ப்பெட்டி வெடித்து, அவரது வலது பாதத்தின் ஒரு பகுதியைத் துண்டித்தது. அதன்பின் அவர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக் கார் கட்டினார். அன்று வெடித்தது கியர்ப்பெட்டி. ஆனால் ஃப்ளைவீலும் ஓட்டுநரின் கால்களுக்குச் சற்று முன்னால்தான் சுழல்கிறது. பழைய வார்ப்பிரும்புச் சக்கரம் வெப்பத்தால் வெடிப்பு கண்டிருந்தால், மிகு வேகத்தில் சிதறித் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். காரை வேகமாக ஓட்டும் எண்ணம் இருந்தால், எஸ்.எஃப்.ஐ. 1.1 தரச் சான்று பெற்ற எஃகுச் சக்கரமும் கிளட்சும் வாங்குங்கள். பந்தயத் திடலுக்குச் செல்வோர் எஃகாலான பாதுகாப்பு உறையையும் பூட்ட வேண்டும்.

பழைய தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். கழற்றும்போது அத்தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு அது. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

புதுத் தகட்டைப் பூட்டும் முன் சக்கரத்தின் முகத்தைச் சமமாகக் கடைந்துகொள்ள வேண்டும். கிராங்க் தண்டின் முனையிலுள்ள பைலட் புஷ்ஷையும், பெடல் மிதிக்கும்போது தள்ளும் ரிலீஸ் பேரிங்கையும் புதிதாகப் போடுவது சிக்கனமே. பூட்டிய பின் முதல் 500 மைல் தூரம் நகரச் சாலைகளில் நிதானமாக ஓட்டுங்கள். அதற்குள் தகடும் சக்கரமும் ஒன்றோடொன்று பழகிவிடும்.