கஜானா நிரம்பினால் யாரைக் கேட்பது?

2023 நவம்பர் 7ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாநில வாக்காளர்கள் முன் இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டன. இரண்டுமே சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் அரசிடம் சேர்ந்துவிட்ட பணத்தைப் பற்றியவை. அதைத் திருப்பித் தராமல் அரசே வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் இரண்டின் சாரமும். முதல் கேள்விக்கு நூற்றுக்கு 59 பேர் கூடாது என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு ஏறத்தாழ 67 பேர் சரி என்றார்கள். உபரி பட்ஜெட் பற்றிய விவாதங்களில் மக்களை இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுவது வழக்கம்: வரிப்பணத்தைத் திருப்பிக் கொடு என்பவர்கள் ஒரு பக்கம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிடு என்பவர்கள் மறுபக்கம். ஒரே வாக்குச்சீட்டில் இரு விதமாகப் பதில் சொன்ன இந்த மக்களை எந்தக் கட்சியில் சேர்ப்பது? அமெரிக்க மாநிலங்களின் அனுபவத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. எவ்வளவு பணம், எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று அரசு கணக்குச் சொன்னால் மக்கள் பணத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். கணக்குச் சொல்லாமல் கேட்டால் கையில் கொடு என்கிறார்கள்.

உபரி என்ற சொல்லே நம் மாநில பட்ஜெட்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சற்று அந்நியமானது. வருவாய்க் கணக்கில் மிச்சம் காட்டும் மாநிலங்கள்கூட இங்கே மொத்தத்தில் கடன் வாங்கித்தான் ஆண்டை ஓட்டுகின்றன. அமெரிக்காவிலோ அநேகமாக எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் வரவு கணிப்பைத் தாண்டினால் மிச்சம் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு நடந்தது அதுதான். 2021 மார்ச்சில் இயற்றப்பட்ட நிவாரணச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் கொடுத்தது. பங்குச்சந்தை ஏறியதில் வருமான வரி கொட்டியது. விலைவாசி உயர்ந்ததில் விற்பனை வரியும் கூடியது. மினசோட்டாவில் 1,750 கோடி டாலர், டெக்சாஸில் 3,270 கோடி, கலிபோர்னியாவில் 9,750 கோடி என்று உபரி அறிவிப்புகள் வந்தன. நிதித்துறை அதிகாரிகள் மூடிய அறையில் பேசிவந்த விஷயம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

மக்களின் மனதை அறியக் கொலராடோவைவிட நல்ல இடம் கிடையாது. 1992இல் அங்கே வாக்கெடுப்பின் மூலம் 'வரி செலுத்துவோர் உரிமைச் சாசனம்' அரசியல் சட்டத்தில் ஏறியது. சுருக்கமாக 'டேபர்' என்பார்கள். மாநிலத்தின் வருவாய் மக்கள்தொகையும் விலைவாசியும் வளரும் அளவுக்குத்தான் வளரலாம். அதற்கு மேல் வருவதைத் திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பினால் மக்களைக் கேட்க வேண்டும். ஆக, உபரியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே மக்கள் வாக்குச்சீட்டிலேயே பதில் சொல்லிவருகிறார்கள். 2001க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் கல்லூரிகளும் சாலைகளும் நலிந்தபோது, 2005இல் 'சி' என்ற தீர்மானம் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் உபரி முழுவதையும் அரசு வைத்துக்கொள்ளும். மருத்துவம், கல்வி, போக்குவரத்துக்குச் செலவிடும். குறைந்த வரிக்குப் பேர்போன குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் பில் ஓவன்ஸே அதற்காக ஊர் ஊராகப் பேசினார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வருக்கு நிகரானவர்.) சுமார் 52 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 2019இல் 'சி.சி.' என்ற தீர்மானம் வந்தது. இதுவும் பள்ளி, சாலை என்றுதான் பேசியது. ஆனால் கால வரம்பு கிடையாது. உபரி எவ்வளவு வந்தாலும் இனி என்றைக்கும் அரசுக்கே. அது தோற்றது.

2023இல் தோற்ற 'எச்.எச்.' தீர்மானத்தை விரித்துப் பார்த்தால் காரணம் புரியும். சொத்து வரி குறையும். அதற்கு ஈடாக டேபர் வரம்பு உயரும். உயர்வதில் ஒரு பகுதி பள்ளிகளுக்கு, ஒரு பகுதி உள்ளாட்சிகளின் இழப்பை ஈடுகட்ட, கொஞ்சம் வாடகை உதவிக்கு. வீட்டு வரியில் தனக்கு எவ்வளவு மிச்சம், வராமல் போகும் காசோலையில் எவ்வளவு நட்டம் என்று ஒரு சராசரிக் குடும்பம் கணக்குப் போட்டுப் பார்க்கவே முடியாத சிக்கல். வென்ற 'ஐ.ஐ.' தீர்மானமோ புகையிலை வரியில் எதிர்பார்த்ததற்கு மேல் வந்த 2 கோடியே 36 லட்சம் டாலரை மழலையர் பள்ளிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டது. ஒரு தொகை, ஒரு வேலை. இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தப் பணத்தைத் திருப்பித் தந்திருந்தாலும் புகையிலை வியாபாரிகளுக்குத்தானே போயிருக்கும், சாதாரண வாக்காளருக்கு என்ன நட்டம்? உண்மைதான், அந்த 67 விழுக்காட்டில் ஒரு பகுதி இதனால் வந்திருக்கும். ஆனால் 2005இல் மக்கள் விட்டுக்கொடுத்தது தங்களுக்கே வரவேண்டிய பணத்தை. அங்கேயும் தொகை போகும் இடமும் திரும்பி வரும் காலமும் தெளிவாக இருந்தன.

அதே நவம்பர் 7இல் டெக்சாஸிலும் வாக்கெடுப்பு நடந்தது. வருமான வரியே இல்லாத, அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே பேசும் மாநிலம் அது. உபரியிலிருந்து சொத்து வரிச் சலுகை தரும் தீர்மானத்தை 83 விழுக்காட்டினர் ஆதரித்ததில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது அதே வாக்குச்சீட்டில் இருந்த மற்றத் தீர்மானங்கள். குடிநீர்க் குழாய்களையும் நீராதாரங்களையும் சீராக்க 100 கோடி டாலர், புதிய பூங்காக்களுக்கு நிலம் வாங்க 100 கோடி, கிராமங்களுக்கு இணைய வசதி தர 150 கோடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஓய்வூதிய உயர்வு என எல்லாவற்றையும் அதே வாக்காளர்கள் பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள். வரியைக் குறை என்பதும் குழாயைச் சரிசெய் என்பதும் அவர்கள் மனதில் மோதிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் தொகையும் தனிக் கேள்வியும் இருந்ததால், எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரிந்து தலையாட்டினார்கள்.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி அலாஸ்கா. எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைச் சேமிக்க 1976இல் அங்கே நிரந்தர நிதி தொடங்கப்பட்டது. 1982 முதல் ஆண்டுதோறும் தகுதியுள்ள ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் அதிலிருந்து பங்குத்தொகை போகிறது. எண்ணெய் விலை சரிந்து பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது, நிதியின் வருமானத்தில் ஒரு பகுதியை அரசுச் செலவுக்கு எடுக்கலாமா என்று 1999இல் மக்களைக் கேட்டார்கள். 83 விழுக்காட்டினர் கூடாது என்றார்கள். கையில் காசைக் காட்டிவிட்டால் மக்கள் வேறெதையும் பார்க்க மாட்டார்கள் என்பதற்கு இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: 'ஒரு பகுதி' என்றால் எவ்வளவு, எந்தச் செலவுக்கு என்பது வாக்குச்சீட்டில் இல்லை. பின்னால் நடந்ததும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2018இல் முழுப் பங்குத்தொகை தருவேன் என்று வாக்குறுதி அளித்து மைக் டன்லீவி ஆளுநரானார். அதற்காக 2019இல் அவர் வெட்டிய செலவுகளில் பல்கலைக்கழகத்துக்கான 13 கோடி டாலரும் ஒன்று. மாநிலமே கொதித்தது, அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கக் கையெழுத்து இயக்கம் தொடங்கியது, வெட்டை அவர் கணிசமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் வேண்டுமா, இவ்வளவு பெரிய காசோலை வேண்டுமா என்ற கேள்வி எதிரெதிரே நின்றபோதுதான் பலர் காசோலையின் விலையைப் பார்த்தார்கள். 2022இல் டன்லீவியையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பங்குத்தொகையின் ஈர்ப்பு பெரியது. அதன் மறுபக்கத்தைக் காட்டாமல் எடுக்கும் வாக்கை மக்களின் முழுக் கருத்து என்று கொள்ள முடியாது.

மறுபக்கத்தைக் காட்ட அரசியல்வாதிகள் தயங்குவதற்கு மினசோட்டா நல்ல எடுத்துக்காட்டு. முன்னாள் மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்சுரா ஆளுநராக இருந்தபோது 1999 முதல் மூன்று ஆண்டுகள் உபரி காசோலையாகத் திரும்பியது. 'ஜெஸ்ஸி செக்' என்றே பெயர் வந்தது. அத்தோடு வருமான வரி விகிதத்தையும் நிரந்தரமாகக் குறைத்தார்கள். 2003இல் மாநிலம் சுமார் 450 கோடி டாலர் பற்றாக்குறையில் நின்றது. இடையில் வந்த பொருளாதாரச் சரிவு முக்கியக் காரணம் என்றாலும், ஒருமுறை வந்த வரவை நம்பி நிரந்தர வருமானத்தைக் குறைத்தது அடியை வலுவாக்கியது. இருபது ஆண்டு கழித்து, 2023இல், மறுகோடியிலிருந்து ஏறத்தாழ அதே தவறு. ஆளுநர் டிம் வால்ஸ் தலைக்கு 1,000 டாலர் திருப்பித் தர விரும்பினார்; கடைசியில் 260 டாலர்தான் போனது. மொன்டானா மாநில முகவரியிலிருந்து வந்த அந்தக் காசோலைகளை மோசடி என்று நினைத்தவர்கள் உண்டு. அது வருமானமே என்று மத்திய வரித்துறை அதற்கும் வரி கேட்டது. உபரியின் பெரும்பகுதி புதிய திட்டங்களுக்குப் போனது. அவற்றில் ஒன்று எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் இலவச உணவு. சத்துணவை அறிந்த நமக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குழந்தைக்கு அடுத்த ஆண்டும் பசிக்கும். அதற்கு ஆண்டுதோறும் வரும் வரி வேண்டும். தீபாவளி போனஸை நம்பி மாதத் தவணையில் வண்டி எடுப்பது போன்ற கணக்கு இது. 2024 டிசம்பரில் வந்த கணிப்பு, 2028-29 பட்ஜெட்டில் சுமார் 500 கோடி டாலர் துண்டு விழும் என்றது.

இதையெல்லாம் நிபுணர்களிடமே விட்டுவிடலாமே, பொதுமக்களுக்கு பட்ஜெட் எங்கே புரியப்போகிறது என்பது அடுத்த மறுப்பு. கலிபோர்னியாவில் 2022 மே மாதம் 9,750 கோடி டாலர் உபரி என்று அறிவித்தவர்கள் நிபுணர்கள்தான். அடுத்த ஜனவரியில் அதே அரசு 2,250 கோடி டாலர் பற்றாக்குறை என்றது. பணக்காரர்களின் பங்குச்சந்தை லாபத்தை நம்பிய வரி அமைப்பில் கணிப்பு இப்படி ஆடத்தான் செய்யும். ஆட்டம் தெரிந்ததுதான் என்பதால்தான், நல்ல காலத்தில் கட்டாயமாகச் சேமிக்கவும் கடனை அடைக்கவும் சொன்ன ஒரு தீர்மானம் 2014இல் அங்கே மக்கள் முன் வந்தது. 69 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். எவருக்கும் காசோலை தராத, எந்தப் பள்ளிக்கும் புதுக் கட்டடம் தராத, வெறும் சேமிப்புக்குக் கிடைத்த வாக்கு அது. மக்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்பவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

உபரி மக்கள் பணம், எனவே முழுதும் திருப்பித் தருவதே நேர்மை என்ற வாதத்துக்கு ஒரு தார்மீக வலு இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் மத்திய அரசு கடன் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அது அந்த மாநிலத்தார் மட்டும் கட்டிய வரியல்ல. பழுது பார்க்காமல் தள்ளிப்போட்ட பாலமும் அதே மக்களின் தலையில் நாளை விழப்போகும் கடன்தான். மறுதரப்பில், ஒவ்வொரு செலவுக்கும் தனி நிதி, தனி வாக்கெடுப்பு என்று போனால் சட்டமன்றத்தின் கை கட்டப்பட்டுவிடும் என்ற கவலையும் பொய்யல்ல. கொலராடோவில் 2025 தொடக்கத்தில் மருத்துவச் செலவு டேபர் வரம்பைத் தாண்டி வளர்ந்ததால், சட்டமன்றம் சுமார் 120 கோடி டாலர் துண்டை அடைக்கத் திணறியது. வாக்களிக்க வருபவர்கள் எத்தனை பேர் என்பதும் கேள்விதான்: டெக்சாஸின் அந்த நவம்பர் வாக்கெடுப்பில் பதிவுபெற்ற வாக்காளர்களில் ஏழில் ஒருவர்தான் வாக்களித்தார். ஆகவே எல்லாவற்றையும் வாக்குச்சீட்டில் ஏற்றுவது தீர்வாகாது. வாக்கெடுப்புகள் கற்றுத் தரும் ஒழுங்கைச் சட்டமன்றங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஒழுங்கு எளிமையானது. உபரியில் ஒருமுறை வந்தது எவ்வளவு, ஆண்டுதோறும் வரக்கூடியது எவ்வளவு என்று முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒருமுறைப் பணத்தைச் சேமிப்புக்கும் கடனுக்கும் குழாய், பாலம், கட்டடம் போன்ற ஒருமுறை வேலைகளுக்கும் மட்டும் விட வேண்டும். நிரந்தரத் திட்டமோ நிரந்தர வரிக்குறைப்போ வேண்டுமென்றால் அதற்கு நிரந்தர வரவைக் காட்ட வேண்டும். காசோலை அனுப்பினால், அந்தத் தொகையில் செய்யாமல் விட்டது என்ன என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இதில் எதுவும் இடதுசாரிக் கொள்கையோ வலதுசாரிக் கொள்கையோ அல்ல. கலிபோர்னியாவும் டெக்சாஸும் ஒரே விதமாக ஒப்புக்கொண்ட விஷயம். உபரியை ஒட்டிய சண்டையில் மக்கள் பேராசைக்காரர்கள் என்று அரசுகளும், அரசுகள் ஊதாரிகள் என்று மக்களும் குறை சொல்வது தொடரும். வாக்குச்சீட்டுகளின் கணக்கைப் பார்த்தால், முதல் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் குறைவு. இரண்டாவதைப் பொய்யாக்கும் பொறுப்பு அரசுகளிடம் இருக்கிறது. அடுத்த உபரி வரும்போது முழுக் கணக்கோடு மக்கள் முன் வந்து நின்றாலே அது பாதி நிறைவேறிவிடும்.