மரத்துப்போன பாதங்களுக்கு டாங்கோ

கீமோதெரபி முடிந்து தலைமுடி வளரத் தொடங்கிய பிறகும் பலருக்குப் பாதம் பழையபடி ஆவதில்லை. செருப்பு கழன்றது தெரியாமலே நடந்துவிடுகிறார்கள். ரவிக்கை ஹூக் மாட்ட விரல் ஒத்துழைக்க மறுக்கிறது. பகலில் தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு இரவில் அதே பாதம் எரிகிறது.

பாதத்தில் ஏன் முதலில்?

பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்டெசோமிப் ஆகியவை நரம்பைத் தாக்கக்கூடிய மருந்துகள். பாக்லிடாக்சல், செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களை இறுகச் செய்துவிடும். அதனால்தான் புற்றுநோய் செல் பிரிய முடியாமல் சாகிறது. நரம்பு இழைக்குள் சத்துகள் பயணிப்பதும் இதே குழாய்களின் வழியாகத்தான். முதுகுத்தண்டுக்கு அருகிலிருந்து பாதம் வரை சுமார் ஒரு மீட்டர் நீளும் இழையின் கடைக்கோடிதான் முதலில் வாடும்.

2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இத்தகைய மருந்துகளைப் பெற்றவர்களில் சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் சுமார் 68 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகும் 30 சதவீதம் பேருக்கும் இந்தப் பாதிப்பு இருந்தது. பிளாட்டினம் வகை மருந்துகளில், ஊசியை நிறுத்திய பின்னும் சில மாதங்களுக்கு மதமதப்பு கூடக்கூடும். நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்துவிட வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் போதும்.

மாத்திரை எதுவரை?

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-இல் தந்த வழிகாட்டுதல், நரம்பு வலிக்குப் பரிந்துரைக்கும் ஒரே மருந்து டுலாக்செட்டின். அதிலும் பலன் மிதமானதுதான். விழாமல் நடக்க வைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது.

நாம் நிமிர்ந்து நிற்பது கண், உட்காது, பாதம் மூன்றும் மூளைக்குத் தரும் தகவலால். பாதம் மௌனமானால் கண் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும். சோப்பு போட்ட முகத்தோடு கண்ணை மூடும்போதும், இருட்டில் பாத்ரூம் போகும்போதும் தடுமாறுவது இதனால்தான்.

ஒஹாயோவில் நடந்தது

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லிஸ் வொர்தன்-சௌதரி தலைமையிலான குழு, கீமோவால் நரம்பு பாதித்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு அர்ஜென்டினாவின் டாங்கோவைத் தழுவிய பயிற்சி கொடுத்துப் பார்த்தது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், எட்டு வாரம்.

வாயில் ரோஜா கவ்விச் சுழலும் டாங்கோ சினிமாவுக்கானது. அசல் டாங்கோ, இருவர் பிடித்துக்கொண்டு நடக்கும் நடை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடல் எடையை முழுமையாக மாற்றிவிட்டே அடுத்த அடி. தடுமாறுகிறவர்களுக்கு வேண்டிய பயிற்சி இதுதான். தாளம் அடுத்த அடி எப்போது என்று சொல்லிவிடுகிறது. சாய்ந்தால் தாங்க ஒரு கை பக்கத்திலேயே இருக்கிறது.

வேறொரு வேலையில் மனம் இருக்கும்போதும் உடல் நிலையாக நிற்கும் திறன், டாங்கோ ஆடியவர்களுக்கும் வீட்டில் சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் மேம்பட்டது. இது எனக்கு ஏமாற்றமாகப் படவில்லை. மந்திரம் டாங்கோவில் இல்லை. எடை மாற்றும் பயிற்சியை விடாமல் செய்வதில் இருக்கிறது. தனியே கை காலை நீட்டி மடக்குவது சலித்துவிடும் என்பவரை ஒரு பாட்டு இழுத்துவிடும்.

2024-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்று இன்னும் ஒரு படி முன்னே போகிறது. கீமோ நடக்கும்போதே சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கே நரம்புப் பாதிப்பு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது சுமார் 70 சதவீதம்.

வீட்டில் ஆரம்பிப்பதானால்

நிதானமான தாளமுள்ள, பிடித்த பாட்டு போதும். சமையல் மேடையையோ துணையின் முன்கையையோ பிடித்துக்கொண்டு இடம், வலம், முன், பின் என்று எடையை மாற்றிப் பழகலாம். பாதத்தைத் தட்டி ஆடும் அடவுகளும் வெறுங்காலும் வேண்டாம். காயம் பட்டாலும் தெரியாது. ஆடி முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். எலும்புக்கு நோய் பரவியவர்களும், தட்டணுக்கள் குறைந்தவர்களும், சமீபத்தில் விழுந்தவர்களும் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கீமோ நடக்கும்போதே விரல் நுனி மரத்தால், அடுத்த சைக்கிளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ மாற்றவோ அப்போதுதான் மருத்துவருக்கு வழியிருக்கும்.