கடைப் பெயருக்குக் கனத்த எழுத்து

போர்டு மாற்ற நினைத்திருக்கும் வணிக நண்பர்கள், அட்வான்ஸ் கொடுக்குமுன் எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசிப்பது நல்லது. தகடு என்ன கனம், விளக்கு எத்தனை வாட் என்றெல்லாம் விசாரிக்கிறோம். எழுத்தை மட்டும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் விட்டுவிடுகிறோம்.

பெயிண்டர் கையால் எழுதிய பழைய போர்டு மயிலாப்பூர்ப் பக்கம் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். தட்டைத் தூரிகையை அழுத்தி ஆரம்பித்து, நடுவில் சற்றே தளர்த்தி, முடிவில் மறுபடி அழுத்துவார்கள். கோட்டின் நடு ஒடுங்கி, முனை உலக்கைப் பூண் மாதிரி விரிந்து நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய போர்டானால், துதிக்கை வளைவோடு கூடிய பழைய 'லை'யும் இருக்கும். அது தனி அழகு.

ஆங்கிலத்தில் இந்த ஜாதிக்குப் பேர்போனது 'ஆல்பர்டஸ்'. பெர்தோல்ட் வோல்பே என்பவர் 1932 முதல் 1940 வரை மோனோடைப் கம்பெனிக்காக உருவாக்கியது. வெண்கலப் பலகையில் எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் செதுக்கி எடுக்கும் வேலை அவருக்குத் தெரியும். அந்த வேலையில் மெல்லிய கோடு நிற்காது. அதனால்தான் அந்தக் கனம். லண்டனில் 'சிட்டி' என்னும் வணிகப் பகுதியின் தெருப் பலகைகள் இந்த எழுத்தில்தான் உள்ளன.

அக்ரிலிக்கிலோ ஸ்டீலிலோ வெட்டி ஒட்டும் எழுத்துக்கு இது பொருத்தம். முனை தடிமனாக இருப்பதால் எளிதில் உடையாது. நாலைந்து எழுத்தில் முடியும் கடைப் பெயர், வெல்லப் பாக்கெட், காப்பித்தூள் பை, கல்லாவுக்குப் பின்னால் ஒரு வரி, இவற்றுக்கெல்லாம் எடுப்பாக இருக்கும்.

விலைப் பட்டியலுக்கு மட்டும் வேண்டாம். தமிழில் 'ண', 'ஞ', 'ஷ' போன்றவற்றின் உள்வெளி ஏற்கெனவே குறைவு. கனம் கூடினால் சுழி அடைந்துவிடும், புள்ளி தலையோடு ஒட்டிவிடும். பின்னால் விளக்கு வைத்த ஃபிளெக்ஸில் இன்னும் மோசம். எங்கள் கடையில் அப்படி ஒரு போர்டு வைத்து, ராத்திரியில் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் 'பருப்பு' 'பருபபு'வாக இருந்தது! மாற்றச் செலவு இரட்டிப்பு.

அளவுக்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். 60 அடிக்கு எதிரே நிற்பவர் சிரமமின்றிப் படிக்க 6 அங்குலம் வேண்டும். தமிழுக்கு ஓர் அங்குலம் கூட்டியே வையுங்கள். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் வந்தபின், கடையோரமாக நடந்து வருபவருக்கு மேலே உள்ள பெரிய போர்டு தெரிவதில்லை. அங்கே கண்மட்டத்தில் சிறு பலகை ஒன்று பக்கவாட்டில் நீட்டினால் பயன் உண்டு. நீட்டுமுன் மாநகராட்சி அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாறு எல்.பி. ரோட்டில் வண்டியில் போகிறவர் பார்க்க வேண்டும். அங்கே பெயர் தவிர வேறொன்றும் எழுதாமலிருப்பதே மேல்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இன் 15-ஆம் விதிப்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 பங்கு என்பது அரசு சொல்லும் விகிதம். 3 அடி உயரப் போர்டில் மூன்று மொழியும் இருந்தால் தமிழுக்கு ஒன்றரை அடி வரும். ஆங்கிலத்தைக் கனத்த எழுத்திலும் தமிழை மெல்லிய எழுத்திலும் போட்டால், அளவு சரியாக இருந்தும் பார்வைக்குத் தமிழ் பின்தங்கும். இரண்டுக்கும் ஒரே கனம் கேளுங்கள்.

வாசல் போர்டில் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்தாக வேண்டும். அதைச் சாதாரண, நேரான எழுத்தில் போடச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகுமுன் பெயரை மட்டும் நிஜ அளவில் ஒரு தாளில் எடுத்து, வாசலில் ஒட்டி, எதிர்ச்சாரியிலிருந்து பகலில் ஒரு தடவை, விளக்கு வைத்தபின் ஒரு தடவை பாருங்கள்.